ஒரு சுற்றுக்கு நாலு சத்தம்

மார்ச் 9

தம்பிக்கு,

பிப்ரவரி இருபத்தைந்து, புதன்கிழமை, காலை ஆறு மணியிலிருந்து ஏழு வரை வீட்டில் இருந்தவர்கள்: கட்டிலில் உன் அத்தான். கட்டிலை ஒட்டிய நாற்காலியில் நான். சமையலறையில் என் நாத்தனார். ஏழு ஐந்துக்கு, வாரம் ஒருமுறை மருந்துப் பை மாற்ற வரும் நர்ஸம்மா வந்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தலைமாட்டு மேசையில் உன் கம்பெனி மெஷின் பச்சை விளக்கோடு நின்றது. அதையும் ஓர் ஆளாகச் சேர்த்தால் ஐந்து பேர்.

நீ இல்லை. மறுநாளும் இல்லை, பத்தாம் நாளும் இல்லை.

உன் கம்பெனி ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. யார் யார் இருந்தீர்கள் என்பதுதான் அதில் முதல் கேள்வி. மொத்தம் பதினொன்று. பத்துக்குப் பதில் எழுதிவிட்டேன். ஏழாவதை விட்டுவைத்திருக்கிறேன். ‘மருந்துக் குழாயின் கிளிப் கவனக்குறைவால் பாதி மூடியிருந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?’ பக்கத்தில் நான் கையெழுத்துப் போட ஒரு கோடு. மே பத்தாம் தேதிக்குள் திருப்பி அனுப்ப வேண்டுமாம். அதை வைத்துத்தான் விசாரணை அதிகாரி முடிவு எழுதுவாராம்.

அவர் நெஞ்சுக்குள் ரத்தக்குழாய்கள் இறுகிப்போகிற நோய். அந்த மருந்து இரவும் பகலும் நிற்காமல் சொட்டுச் சொட்டாக உள்ளே போனால்தான் மூச்சு. டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில் நின்றாய். “எங்க கம்பெனி மெஷினையே போட்டுடலாம் அக்கா, நான் பாத்துக்கறேன்” என்று சொன்னது நீ. பெட்டியைத் திறந்தபோது பையில் பாதி மருந்து மிச்சம் இருந்தது. மெஷின் கணக்குப்படி எல்லாம் உள்ளே போய்விட்டது. ஆகையால் குழாயை மறித்தது நான்.

அவர் கூப்பிட்டார், நான் எழுந்து போனேன், அதற்குள் முடிந்தது. நடந்தது இவ்வளவுதான். கிளிப் திறந்துதான் இருந்தது என்று என் கண் சொல்கிறது. ஆனால் நாத்தனார் நாலு பேர் முன்னால், “நீங்கதான் அண்ணி கிளிப்பை மறந்திருப்பீங்க, தூக்கக் கலக்கம்” என்று சொன்ன பிறகு என் கண்ணை நானே நம்ப முடியவில்லை.

நீ அந்த மெஷினைச் செய்கிறவன். நான் அவரைக் கொன்றேனா இல்லையா என்று நீயே சொல்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் மறைவு எங்கள் எல்லோருக்கும் பெரிய இழப்பு. தாங்கள் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். நான் வர முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. விசாரணை முடியும்வரை குடும்பத்தாரோடு பேசக் கூடாது என்று கம்பெனி வக்கீல் எழுத்தில் கொடுத்திருக்கிறார். என் போன் கம்பெனி கொடுத்த போன். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்ட வேண்டாம்.

மெஷினைத் திறந்து அதன் பதிவைப் பார்த்துவிட்டார்கள். நிமிடத்துக்கு ஒருமுறை மருந்து தள்ளச் சொல்லும் கட்டளை ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. உள்ளே எந்தக் கோளாறும் இல்லை. பதிவு பொய் சொல்லாது.

தங்களை யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ‘கவனக்குறைவு’ என்பது ஒரு சொல், அவ்வளவுதான். வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு நேரக்கூடியதே. ஏழாவது கேள்வியில் கையெழுத்துப் போட்டால் விசாரணை அதோடு முடிந்துவிடும், தங்களையும் அலைக்கழிக்க மாட்டார்கள். யோசித்துப் பாருங்கள்.

தங்கள் தம்பி


மார்ச் 19

துரைக்கு,

நான் எப்போதிலிருந்து உனக்குத் ‘தாங்கள்’ ஆனேன்? சின்ன வயதில் மூக்கைச் சிந்தி என் பாவாடையில் துடைத்தவன் நீ. வக்கீல் சொல்லிச் சொல்லி எழுதினாயா, இல்லை கடிதத்தையே அவர்தான் எழுதினாரா?

கையெழுத்துப் போட மாட்டேன். கவனக்குறைவு ஒரு சொல்தான் என்கிறாய். அந்தச் சொல்லோடு இந்த வீட்டில் நான் மிச்ச நாளைக் கழிக்க வேண்டும். நாத்தனார் நான் கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடிப்பதில்லை. தானே போய் மொண்டுகொள்கிறாள். அவள் அண்ணன் அவர். அவளைக் குறை சொல்லி என்ன பயன்.

நீ என்னைக் கணக்குப்பிள்ளை என்று கேலி செய்வாயே, அந்த நோட்டைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் குழாயைக் கழுத்திலிருந்து மெஷின் வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ‘கிளிப் திறந்தது’ என்று குறித்திருக்கிறேன். முப்பது நாளும் குறித்திருக்கிறேன். இருபத்தைந்தாம் தேதி காலை ஐந்து ஐம்பதுக்கும் குறிப்பு இருக்கிறது. என் பதிவு மட்டும் பொய் சொல்லுமா?

எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றது. மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆனால் உள்ளே பார்க்காமலே உள்ளே இருப்பதைத் தெரிந்துகொண்டு பிழைக்கிறவர்கள்தான் சமையலறைக்காரிகள். குக்கருக்குள் தலையை விட்டா வெந்ததா என்று பார்க்கிறோம்? சத்தம், ஆவி, வாசனை. சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்பதை ஈரத்துணியால் துடைத்து, எதுவரை சீக்கிரம் காய்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவேன். அதனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பச்சை விளக்கு எதைப் பார்த்து எரிகிறது? மருந்து உள்ளே போவதைப் பார்த்தா? அதற்குக் கண் எங்கே இருக்கிறது?

இதற்கு மட்டும் பதில் எழுது. இழப்பு, தேறுதல் எல்லாம் வேண்டாம். அதை எழுதிக்கொடுக்க ஊரில் ஆள் இருக்கிறது.

அக்கா


மார்ச் 26

அக்கா,

நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குக் கண் இல்லை.

உள்ளே இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள். ஒருவன் முதலாளி, ஒருவன் மூட்டை தூக்குகிறவன். முதலாளி நிமிடத்துக்கு ஒருமுறை “ஏத்து!” என்று குரல் கொடுக்கிறான். குரல் கொடுத்த கையோடு நோட்டில் ‘ஒன்று ஏற்றியாயிற்று’ என்று எழுதிக்கொள்கிறான். பின்கட்டுக்குப் போய்ப் பார்ப்பதே இல்லை. திரையில் தெரியும் கணக்கும் பச்சை விளக்கும் அந்த முதலாளியின் நோட்டைப் பார்த்து வருபவை. மூட்டை தூக்குகிறவன் உண்மையில் தூக்கினானா என்று பார்க்க ஒரு சின்ன உறுப்பு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சொன்னால் செய்யாமலா போவான் என்று எல்லோரும் நினைத்தோம்.

‘நினைத்தோம்’ என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது. அந்தத் திரையை எழுதியது நான். பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுத்ததுகூட நான்தான். மஞ்சள் போட்டால் நோயாளி பயப்படுவார் என்று ஒரு கூட்டத்தில் வாதாடினேன்.

இதனால் மெஷின் தவறு செய்தது என்று ஆகிவிடாது. தவறு செய்திருந்தாலும் அதன் பதிவு காட்டியிருக்காது என்பதுதான் உறுதி. கிளிப் பாதி மூடியிருந்தாலும் பையில் மருந்து மிஞ்சும், அது சும்மா நின்றிருந்தாலும் மிஞ்சும். பதிவை வைத்து எது என்று சொல்ல வழியில்லை. சோதனை அறையில் அதே மாடலை நாலு நாள் ஓட்டிப் பார்த்தேன். கடிகாரம் மாதிரி ஓடியது.

உள்ளே தடயம் இல்லையென்றால் வெளியேதான் தேட வேண்டும். உன் நோட்டில் மெஷினைப் பற்றி என்னவெல்லாம் எழுதியிருக்கிறாய்? சூடு, பேட்டரி, சத்தம் எதுவானாலும் சரி. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வருமே, அதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?

நான் எழுதியதை எரித்துவிடு. எரிக்க மாட்டாய் என்றும் தெரியும்.

தம்பி


மார்ச் 30

தம்பி,

எரிக்கவில்லை. தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

நோட்டில் உள்ளது: விளக்கு என்ற பத்தியில் முப்பது நாளும் ‘பச்சை’. சூடு எழுதவில்லை. சத்தம் எழுதவில்லை. மருந்துப் பை பூட்டின பெட்டிக்குள் இருப்பதால் எனக்குத் தெரியாது. பதினெட்டாம் தேதி பை மாற்றியபோது நர்ஸம்மா, “கொஞ்சம் மிச்சம் இருக்குதே, கூடுதலா ஊத்திட்டாங்க போல” என்று சொன்னார். அதை எழுதியிருக்கிறேன்.

பேட்டரி: இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றினேன். பிப்ரவரி பதினாலு மாற்றியது பதினேழு வரை வந்தது. பதினேழில் போட்டது இருபத்தொன்று வரை. இருபத்தொன்றில் போட்டது கடைசிவரை நின்றது. ‘பேட்டரி நன்றாக உழைக்கிறது, கடவுள் கருணை’ என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

அவரைப் பற்றி: பதினாறிலிருந்து கால் வீக்கம். பத்தொன்பதிலிருந்து சாப்பாடு பாதி. இருபதில் டாக்டருக்குப் போன் செய்தேன். “மெஷின்ல என்னம்மா காட்டுது?” என்றார். பச்சை என்றேன். “அப்ப மருந்து போகுது. நோய்தான் ஏறுது, தைரியமா இருங்க” என்றார்.

உன் அத்தானும் அதே பல்லவிதான். மெஷினைக் காட்டி, “உன் தம்பி புள்ளையாண்டான் என்னைவிட ஒழுங்கா வேலைக்குப் போறான் பாரு, ஒரு நாள் லீவு போடல” என்பார். இருபத்திரண்டாம் தேதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் திரையையே வெகுநேரம் பார்த்தார். “அதுக்கு உடம்பு நல்லா இருக்கு. எனக்குத்தான் என்னமோ” என்றார்.

வேறு ஒன்றும் இல்லை.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

பேட்டரி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் உன் நாத்தனார் என் கையாலும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள்.

அந்த மெஷினில் பேட்டரியைத் தின்பது திரையோ விளக்கோ இல்லை. மோட்டார்தான். பேட்டரி நாலு நாள் வந்தது என்றால் மோட்டார் பாதி வேலைதான் செய்திருக்கிறது. கிளிப் மூடியிருந்தால் மோட்டார் எதிர்த்துத் தள்ளி இன்னும் அதிகம் தின்றிருக்கும், பேட்டரி ஒன்றரை நாளில் போயிருக்கும். பழி எங்கள் மெஷின் பக்கமே திரும்புகிறது.

மேலாளரிடம் உன் பெயரைச் சொல்லாமல், பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். “புது பேட்டரி நல்ல பேட்டரியா இருந்திருக்கும். இதுக்கெல்லாம் தூக்கம் கெடலாமா?” என்று சிரித்தார். அவர் சொல்வதும் சாத்தியம்தான். பேட்டரி மட்டும் போதாது.

ஒரு மெஷினைச் சோதனை அறையிலிருந்து வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். பையில் வெறும் தண்ணீர் ஊற்றி, ஏப்ரல் இரண்டாம் தேதி காலையிலிருந்து துணி அலமாரிக்குள் ஓடவிட்டிருக்கிறேன். உன் தம்பி மனைவி, “இது என்ன, தொட்டில் கட்டணுமா?” என்று கேட்கிறாள். நாலு நாளில் காட்டாததை நாற்பது நாளில் காட்டுமா பார்க்கிறேன்.

ஆனால் அலமாரியில் இருப்பது வேறு மெஷின். உன் வீட்டில் நடந்தது என்ன என்பதற்குச் சாட்சி வேண்டும். மறுபடியும் கேட்கிறேன், கோபப்படாதே. தினமும் காலை அந்தக் கட்டில் பக்கம் நீ உட்கார்ந்திருந்தாய். நிமிடத்துக்கு ஒரு ‘டிக்’ உன் காதுக்கு ஒரு முழம் தள்ளி. அந்த நேரத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

தம்பி


ஏப்ரல் 9

தம்பி,

நீ கேட்ட கேள்வியோடு மூன்று நாள் அடுப்பு மூட்டினேன், துணி துவைத்தேன். இன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாமம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு தனி நோட்டு உண்டு. அது என் கணக்கு, கடவுளுக்கும் எனக்கும் நடுவில் உள்ளது. அதை மெஷின் நோட்டாக நான் நினைக்கவே இல்லை. அதனால்தான் சத்தம் எழுதவில்லை என்று உனக்கு எழுதினேன்.

காலை ஆறு மணிக்கு மணிமாலையை எடுப்பேன். பன்னிரண்டு சுற்று. நாமத்தை அவசரப்படுத்தாமல், இழுக்காமல், ஒரே சீராகச் சொல்ல வேண்டும் என்பது என் நியமம். மெஷின் வந்த முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். சீராகச் சொன்னால் ஒரு சுற்றுக்குள் நாலு ‘டிக்’ வரும். மூன்று வந்தால் நான் அவசரப்பட்டேன். ஐந்து வந்தால் தூங்கிவிட்டேன். எனக்கு ஒரு தாளம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அவருக்கு உயிர் கொடுக்கிற சத்தம் என் பக்தியையும் சேர்த்துக் காவல் காக்கிறது என்று நினைத்தேன். முடித்த நேரத்தைக் குறித்துக்கொள்வேன், அவருடைய மாத்திரையை முடித்த கையோடு கொடுப்பது வழக்கம்.

பிப்ரவரி பதினாலு வரை முடித்த நேரம் எல்லா நாளும் ஆறு நாற்பத்தெட்டு, சில நாள் ஒரு நிமிடம் முன்னே பின்னே.

பதினைந்தாம் தேதி, முதல் சுற்றில் மூன்று ‘டிக்’தான் வந்தது. இரண்டாம் சுற்றிலும் மூன்று. ‘அவசரம். மனம் ஓடுகிறது’ என்று எழுதியிருக்கிறேன். நாலு வரும்வரை நாமத்தை மெதுவாக்கினேன். முடித்தது ஏழு நாலு.

பதினாறு, ஏழு ஐந்து. பதினேழு, ஏழு நாலு. பதினெட்டும் அப்படியே. பத்தொன்பதில் சுற்றுக்கு இரண்டுதான் வந்தது. ‘பாவி மனசு’ என்று எழுதி, அன்று ஒரு வேளை சாப்பாட்டை விட்டேன். இன்னும் மெதுவாக்கினேன். முடித்தது ஏழு முப்பத்தாறு. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு அதே. இருபத்துமூன்று, ஏழு ஐம்பது. இருபத்துநாலு, எட்டு பத்து. நாத்தனார் எட்டிப் பார்த்து, “சாமிகிட்ட அப்படி என்ன அண்ணி பேச்சு, அண்ணன் மாத்திரைக்குக் காத்துக்கிட்டு இருக்கார்” என்றாள்.

ஒரு நாமத்துக்கு நான்கு மூச்சு எடுத்தேன் தம்பி. இவ்வளவு நிதானம் எனக்குக் கைகூடிவிட்டதே என்று அகந்தைகூட வந்தது. கடிகாரம் சுவரில் கண்ணெதிரே இருந்தது. சுற்றுக்கு நாலு நிமிடம் ஆனது எட்டு நிமிடம் ஆகிறதே, ஏன் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. தப்பு என்றால் அது என்னிடம்தான் இருக்கும் என்று எனக்குப் பழக்கம். விளக்கு பச்சையாக இருந்தது. என் மனசுக்கு விளக்கு இல்லையே.

முதல் கடிதத்தில் ஓர் இடத்தை மாற்றி எழுதினேன். அவர் கூப்பிட்டார், எழுந்து போனேன் என்று எழுதினேன். எழுந்து போகவில்லை. போக ஒரு அடி தூரம்கூட இல்லை. கண்ணை மூடி, ஒரே மணியில் விரலை வைத்துக்கொண்டு, அடுத்த ‘டிக்’ வரட்டும் என்று காத்திருந்தேன். “இந்தா” என்று கூப்பிட்டார். சுற்றின் நடுவே பேசக் கூடாது என்பது நியமம். கண்ணைத் திறக்காமல், பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். மறுபடி கூப்பிடவில்லை. சொன்னால் கேட்கிற மனிதர்.

அந்த ‘டிக்’ எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. வந்தபோது நான் கண்ணைத் திறந்தேன்.

இதுதான் நான் செய்துகொண்டிருந்தது. கிளிப் இல்லை. இது. இதற்கு உன் படிவத்தில் கேள்வி இல்லை.

நோட்டின் பன்னிரண்டு பக்கத்தையும் பார்த்து எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மூலத்தைத் தர மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி காலை, துணி அலமாரியில் இருந்த மெஷின் நாலு ‘டிக்’கில் ஒன்றை விழுங்க ஆரம்பித்தது. ஓடவிட்ட இருபதாம் நாள். உன் வீட்டு மெஷினுக்கு பிப்ரவரி பதினைந்து எத்தனையாவது நாள் என்று எண்ணிப் பார். மாட்டிய ஜனவரி இருபத்தேழிலிருந்து இருபது.

இருபத்தைந்தாம் தேதி இரண்டில் ஒன்றை விழுங்கியது. உனக்கும் நாலு நாள் கழித்துத்தான். இன்று காலை அதைவிட மோசம். பச்சை எரிகிறது. கணக்கு முழுதாகக் காட்டுகிறது. கதவைத் திறந்து அதன் முன் உட்கார்ந்துகொண்டு, சத்தம் வராத நிமிடங்களை எண்ணினேன். உன் முடித்த நேரங்களை என் கணக்கோடு வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிட வித்தியாசம்கூட இல்லை. என் படிப்புக்கு இப்படி ஒரு அளவு எடுக்கத் தெரிந்திருக்காது.

காரணமும் தெரிந்துவிட்டது. முதலாளி கொடுக்கிற கட்டளைகள் ஒரு வரிசையில் நிற்கும். முடிந்த கட்டளைகளை வரிசையிலிருந்து துடைக்கிற இடத்தில் ஒரு பிழை. நாளாக ஆகக் குப்பை சேர்ந்து, இருபதாம் நாள் வரிசை நிரம்பிவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிற கட்டளை சத்தமில்லாமல் கீழே விழுந்துவிடும். மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டால் குப்பை போய்விடும். எங்கள் சோதனை அறையில் திங்கட்கிழமைதோறும் எல்லா மெஷினையும் அணைத்துப் போட்டுத் துடைப்பார்கள். அதனால் எட்டாம் நாளை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. அணைக்கவே கூடாதவர்கள் வீட்டில்தான் இருபதாம் நாள் வரும்.

நீ கொல்லவில்லை. கை காட்டியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த நேரத்தில் நீ கண்ணைத் திறந்திருந்தாலும் செய்ய ஒன்றும் இருந்திருக்காது. நீ நம்ப மாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் மேலாளரிடம் கொண்டுபோனேன். கதவைச் சாத்தச் சொன்னார். “உங்க அக்கா மாலை உருட்டின கணக்கை வெச்சு விசாரணைக்குப் போவீங்களா? சிரிப்பாங்க” என்றார். அலமாரி மெஷின் பற்றிச் சொன்னேன். அனுமதி இல்லாமல் கம்பெனிப் பொருளை எடுத்துப்போனதாக முதலில் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். பிறகு குரலை மாற்றி, “பிழை இருக்குதுன்னே வெச்சுக்குவோம். அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடலாம். மூணு மாசம். இப்ப வெளிய சொன்னா முந்நூத்திப் பன்னிரண்டு வீட்டுலயும் பீதி” என்றார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு. அந்த எண்ணை நான் முதல்முறை கேட்டது அப்போதுதான்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை போனால் இந்தத் தொழிலில் வேறு எங்கும் சேர்க்க மாட்டார்கள். மூன்று மாதத்தை இரண்டாக்க உள்ளே இருந்தே முயற்சி செய்கிறேன். அதுவரை நீ ஏழாவது கேள்வியைக் காலியாக விட்டு அனுப்பிவிடு, கையெழுத்தும் வேண்டாம், நோட்டையும் காட்ட வேண்டாம். பொறுத்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தம்பி


மே 3

தம்பி,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, “இதே மெஷின் வேற எந்த வீட்டுல இருக்கு?” என்று கேட்டேன். அவர் பார்க்கிற வீடுகளில் இன்னொன்று இருக்கிறதாம். பஸ்ஸில் இரண்டு ஸ்டாப். என்னையும் கூட்டிப் போனார்.

மூன்றாவது மாடி. முன்னறையில் கட்டில். அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர், உன் அத்தானைவிடப் பத்து வயது சின்னவர். கால் இரண்டும் வீங்கி, சாக்ஸின் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. அவர் மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த முறை கண்ணை மூடாமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாலு நிமிடம் எண்ணினேன். இரண்டு. மறுபடி எண்ணினேன். இரண்டு.

மெஷின் மாட்டி எத்தனை நாள் என்று கேட்டேன். அவள் விரல் விட்டு எண்ணி, “இருபத்தஞ்சு” என்றாள். அணைத்துப் போட வேண்டும் என்றேன். “பச்சை எரியுதே அக்கா, எதுக்குத் தொடணும்?” என்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது என்னை நானே பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. அவள் வீட்டுக்காரர் பேச்சு குறைந்திருக்கிறதா என்று கேட்டேன். அவள் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸம்மா தொட மாட்டார். கம்பெனி உத்தரவில்லாமல் அணைக்கக் கூடாது என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அணைத்துப் போட்டால் திரை நாலு எண் கேட்குமாம், அது கம்பெனிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியுமாம். எண் போடாவிட்டால் அது ஓடவே ஓடாதாம். டாக்டரைக் கூப்பிட்டோம். அவர் வந்து பார்த்தார், எண்ணியும் பார்த்தார். “கம்பெனி ஆள் ஒருத்தர் பேர் போட்டு எழுதிக் குடுக்கட்டும், நானே நின்னு செய்றேன். எழுத்து இல்லாம என்னால கை வைக்க முடியாது” என்றார். கம்பெனி நம்பருக்குப் போன் போட்டால் பதிவு செய்த குரல்தான் வருகிறது. உனக்கு ஐந்து தடவை போட்டேன். நீ எடுக்கவில்லை.

படிவத்தை நான் அனுப்பிவிட்டேன். ஏழாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதி, நோட்டின் பன்னிரண்டு பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். உன் கடிதங்களை இணைக்கவில்லை. அது உன் கையால் போக வேண்டியது. அதற்கு மே பத்து வரை நாள் இருக்கிறது.

இதற்கு நாள் இல்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் அந்த அச்சுக்கூடக்காரரின் மச்சான். காலை முதல் பஸ் பிடித்து வருகிறார். உன் வாசலில் நிற்பார், பதில் வாங்காமல் போக மாட்டார். எழுத வேண்டியது: எந்தப் பொத்தான், எத்தனை நிமிடம் அணைத்து வைக்கலாம், அந்த நாலு எண், மருந்தின் அளவை எப்படித் திரும்பப் போடுவது. கீழே உன் முழுப் பெயர், உன் பதவி, கையெழுத்து. உன் முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் இது ஒன்று.

அவரை உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லி நேரத்தைக் கடத்தாதே. சீக்கிரம் எழுதிக் கொடு.

அக்கா